ஏஜென்சி கதவைப் பூட்டிவிட்டது. எட்டுப் பொறியாளர்களின் சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் இயந்திரம்) உதிரிபாகத் தொழிற்கூடம் நடத்துகிறேன். நேரடித் தொழிலாளர்கள் அறுபது பேர். சென்ற ஆண்டு ஜனவரியில் கிருஷ்ணகிரியில் உள்ள ஓர் ஆள் சப்ளை ஏஜென்சி மூலம் எட்டுப் பொறியாளர்களை எடுத்தேன். ஐந்து பேர் டிப்ளமோ, மூன்று பேர் பி.இ.; பர்கூர், பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பிள்ளைகள். தலைக்கு மாதம் 26,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் ஏஜென்சிக்குத் தவறாமல் கொடுத்தேன். இந்த ஜனவரி, பிப்ரவரி சம்பளத்தை ஏஜென்சி அவர்களுக்குத் தரவில்லை. இப்போது அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, போனும் எடுப்பதில்லை. அசல் சான்றிதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. பி.எஃப். கணக்கில் ஜூன் வரைதான் பணம் ஏறியிருக்கிறது. மார்ச் பில்லை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஒரு முறை கொடுத்த சம்பளத்தை மறுபடியும் கொடுக்க வேண்டுமா? அவர்களை நேரடியாக எடுத்துக்கொண்டால் தலைக்கு ஒரு லட்சம் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கொடுக்க வேண்டும் ஐயா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் உங்களுக்கும் பயனில்லை, அந்த எட்டுப் பேருக்கும் பயனில்லை. ஏஜென்சிக்குக் கொடுத்தது உங்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையிலான கணக்கு. இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை செய்தவனுக்குச் சேர வேண்டிய கூலி அதனால் தீர்ந்துவிடாது.

இருபதுக்குக் குறைவான ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் சட்டம் தொடாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் எல்லை இருபது பேர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் அது ஐம்பது. உங்களிடம் எட்டுப் பேர்தான் என்பதால் அந்த வழியில் நீங்கள் தப்பலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-ஆவது பிரிவுக்குத் தலை எண்ணிக்கை தேவையில்லை. வேலைக்கு வைத்தவர் ஊதியம் தராவிட்டால், அந்தத் தொழிலாளி எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறாரோ அதன் உரிமையாளர்தான் பொறுப்பு என்கிறது அது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. அதுவும் இப்போது இல்லை. எட்டுப் பேரும் மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஊதியக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு போடலாம். தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அது வரை போக விடாதீர்கள்.

உங்கள் பில்லை ஒரு முறை பிரித்துப் பார்ப்போம். பேசிய சம்பளம் 20,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வட்டாரத்தில் நான் பார்க்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. தொழிலாளி பங்காக பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150 போனால் கைக்கு 18,050. முதலாளி பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தோடு 1,950, இ.எஸ்.ஐ. 650. ஆக ஒரு தலைக்கு 22,600. மிச்சம் 3,400 ஏஜென்சியின் வருமானம். மாதம் 3,400 போதாமல் அந்த 22,600-லும் கை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் சம்பளத்தில் பிடித்த 1,800-ஐக் கட்டாமல் வைத்துக்கொண்டது வெறும் பாக்கி அல்ல. பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாதிருப்பதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவு நம்பிக்கை மோசடி என்றே விளக்குகிறது.

இப்போது செய்ய வேண்டியது. மார்ச் பில்தான் உங்களிடம் உள்ள ஒரே பிடி. ஜி.எஸ்.டி. சேர்த்து 2,45,440 ரூபாய். அதை ஏஜென்சிக்கு அனுப்பவே கூடாது. அதிலிருந்து எட்டுப் பேரின் மார்ச் சம்பளத்தை அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரி சம்பளம், கைக்குச் சேரும் கணக்கில் 2,88,800 ரூபாய், உங்கள் பணத்திலிருந்து. ஒரே தவணையில் முடியாது என்றால் இரண்டு தவணையாகவாவது, தேதியை எழுதிக் கொடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் எந்த மாதச் சம்பளம் என்று குறியுங்கள். ஏஜென்சி தவறியதால் ஏஜென்சியின் கணக்கில் தரப்படுகிறது என்று ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ரொக்கம் வேண்டாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு நிரூபிக்க முடியாமல் மூன்றாவது முறையும் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பி.எஃப். பாக்கி, ஜூலை முதல் பிப்ரவரி வரை எட்டு மாதம், எட்டுப் பேர், இரு பங்கும் சேர்த்து 2,40,000 ரூபாய். வட்டியும் தண்டத்தொகையும் தனி. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவருக்கும் சந்தா கட்டுவது முதன்மை வேலையளிப்பவரின், அதாவது உங்களைப் போன்றவரின், பொறுப்பு என்று 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 30-ஆவது பத்தி சொல்கிறது. ஏஜென்சிக்குத் தனி பி.எஃப். கோட் எண் இருந்தால் முதலில் அவரிடம்தான் வசூலிக்க வேண்டும் என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தை ஏற்ற தீர்ப்புகளும் உண்டு. ஆகவே இந்தத் தொகையை மட்டும் அவசரப்பட்டுக் கட்டிவிட வேண்டாம். பி.எஃப். அலுவலகத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு புகார் எழுதுங்கள். பில்கள், வங்கி விவரங்கள், எட்டுப் பேரின் யு.ஏ.என். எனும் பி.எஃப். உறுப்பினர் எண்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். அவர்கள் நோட்டீஸ் அனுப்பும் வரை காத்திருந்தவருக்கும் தானாக வந்து சொன்னவருக்கும் விசாரணையில் கிடைக்கும் மரியாதை வேறு. இ.எஸ்.ஐ. நிலைமையையும் அன்றே பாருங்கள். சந்தா நின்றுபோன நிலையில் ஒருவருக்கு விரல் போனால் அந்தச் சுமை உங்கள் தலையில்தான் வந்து விழும்.

விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையில் அந்த ஏஜென்சியின் பில்கள் ஏறியிருக்கின்றனவா என்று உங்கள் கணக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். வரி கட்டப்படவில்லை என்றால் ஏஜென்சிக்குக் கொடுத்த ஜி.எஸ்.டி.யை உங்கள் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகைக்கும் ஆபத்து.

இனி அந்த ஒரு லட்சம். பயப்பட வேண்டாம். பரஸ்பர வாக்குறுதிகளில் முதலில் நிறைவேற்ற வேண்டியதைத் தவறவிட்டவர் மறுபக்கத்தின் வாக்குறுதியைக் கேட்க முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு அதுதான். மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது 74-ஆவது பிரிவு. சம்பளத்தை விழுங்கியவருக்கு, அந்தப் பொறியாளர்கள் வேறிடம் போனதால் என்ன இழப்பு? இந்த ஒப்பந்தத்தில் அந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போடவுமில்லை. ஏஜென்சி அவர்களிடம் தனியாக ஏதாவது பத்திரம் எழுதி வாங்கியிருந்தால், வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனை 27-ஆவது பிரிவின்படி செல்லாது. பணியில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு. பயிற்சிக்கும் தேர்வுக்கும் செலவழித்த நிறுவனம் குறைந்தபட்சக் காலம் கேட்பது தவறல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் சொல்லியிருக்கிறது. இவர்களுக்காக ஏஜென்சி எந்தப் பயிற்சிக்குச் செலவழித்தது?

நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள், தாமதிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களை நேர்முகம் கண்டது யார்? ஷிப்ட் போட்டது யார்? விடுப்பு கொடுத்தது யார்? மூன்று கேள்விக்கும் உங்கள் மேற்பார்வையாளர் என்பதுதான் பதிலாக இருக்கும். அப்படியானால் ஏஜென்சி ஒப்பந்தமே பெயரளவுக்கானது, இவர்கள் முதல் நாளிலிருந்து உங்கள் ஆட்கள் என்று தொழிலாளர் நீதிமன்றம் சொல்லக்கூடும். 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பி.இ. படித்தவர் தொழிலாளி ஆவாரா என்று கேட்க வேண்டாம். தொழில்நுட்ப வேலை செய்பவரும் சட்டப்படி தொழிலாளிதான். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் வேறு இருக்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்கூடத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம். உங்கள் பிள்ளைகள் பதினைந்து மாதத்தில் ஏறத்தாழ 390 நாளைத் தொட்டிருப்பார்கள். அந்த 480-ஐத் தடுக்கத் தேதியை மாற்றி எழுதலாம், இடைவெளி விடலாம் என்று யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். கேட்காதீர்கள். பழைய பணிக்காலத்தையும் ஒப்புக்கொண்டு நேர்மையான பணி நியமனக் கடிதம் கொடுங்கள். கடிதம் கொடுப்பது இப்போது சட்டக் கடமை. அதைவிட, சி.என்.சி. புரோகிராம் எழுதத் தெரிந்த ஆளை எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா தொழிற்கூடங்களுக்கு விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு ஆகும் நஷ்டம் பெரிது.

அடுத்த முறை ஆள் வேண்டும் என்றால் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும், தருமபுரி செட்டிக்கரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியும் தொலைவில் இல்லை. அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் காலியிடத்தைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. ஏஜென்சிதான் வேண்டும் என்றால், முந்தைய மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானும் பெயர்ப் பட்டியலும் சம்பளம் போட்டதற்கான வங்கி ஆதாரமும் வந்த பிறகே பில் என்று எழுதுங்கள். ஒரு மாதத் தொகையை முன்வைப்பாக வாங்கி வையுங்கள். சலான் வந்த பிறகே பில் என்ற அந்த ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் ஆகஸ்டிலேயே விஷயம் தெரிந்திருக்கும்.

கடைசியாக, சான்றிதழ்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். அரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவனின் டிப்ளமோ சான்றிதழ் பூட்டிய அறைக்குள் கிடக்கிறது. கட்சிக்காரர் கட்டணம் தரவில்லை என்றாலும் அவருடைய வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கே உரிமையில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏஜென்சிக்கு எங்கிருந்து வரும் அந்த உரிமை? சேரும்போதே அசலை வாங்கி வைத்ததை நீங்களும் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். எட்டுப் பேரும் தனித்தனியாகப் புகார் எழுதட்டும். எந்த நாளில், யாரிடம், எந்தச் சான்றிதழ் என்று விவரமாக எழுதட்டும். கிருஷ்ணகிரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் ஓசூர் காவல் நிலையமும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவர். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளைகள் கேட்க வேண்டாம். இருக்கும் இடம் தெரிந்துகொண்டே தொலைந்தது என்று எழுதினால் குற்றம் அவர்கள் பக்கம் திரும்பிவிடும். காவல் நிலையத்துக்கு எட்டுப் பேரையும் தனியாக அனுப்பாதீர்கள். ஒப்பந்தமும் பில்களும் உங்கள் கையில் இருக்கின்றன, நீங்களும் உடன் செல்லுங்கள்.