எந்த சர்வரில் ஓட வேண்டும் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால்: அன்சிபிளில் என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் 140 வெப் சர்வர்கள், எல்லாம் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) மும்பை ரீஜனில். பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போட அன்சிபிள் பிளேபுக் இருக்கிறது (அன்சிபிள் பல சர்வர்களில் வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி, பிளேபுக் அதற்குக் கொடுக்கும் வேலைப் பட்டியல்). வரும் ரிக்வெஸ்ட்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரிலிருந்து கழற்றி வைத்த சர்வர்களில் மட்டும்தான் அதை ஓட்ட வேண்டும். அவை எவை என்பது அன்று இரவு லோட் பேலன்சரைக் கேட்டால்தான் தெரியும். இப்போது ஷிஃப்ட்டில் இருப்பவர் பார்த்துப் பார்த்து சர்வர் பெயர்கள் உள்ள இன்வென்டரி ஃபைலைக் கையால் திருத்துகிறார். பட்டியலை செட்_ஃபேக்ட் மூலம் ஒரு வேரியபிளில் போட்டு, பிளேபுக்கின் அடுத்த பகுதியான பிளேயில், எந்தச் சர்வர்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் வரியில் கொடுத்துப் பார்த்தேன். 'அன்டிஃபைன்ட்' என்று நின்றுவிடுகிறது. என்ன வழி?

பதில்: செட்_ஃபேக்ட் போடும் வேரியபிள் ஏதாவது ஒரு ஹோஸ்ட்டோடு (அன்சிபிள் கையாளும் ஒரு மெஷினோடு) ஒட்டிக்கொண்டிருக்கும். ஹோஸ்ட்ஸ் வரியை அன்சிபிள் படிப்பதோ பிளே தொடங்கும் முன், கையில் எந்த ஹோஸ்ட்டும் இல்லாத நேரத்தில். அதனால்தான் வெறும் பெயரைக் கொடுத்தால் அதற்குத் தெரிவதில்லை. எல்லா ஹோஸ்ட்டின் வேரியபிள்களும் உள்ள ஹோஸ்ட்வார்ஸ் வழியாக லோக்கல்ஹோஸ்ட்டின் (அன்சிபிள் ஓடும் மெஷினின்) வேரியபிளைச் சுட்டினால் கிடைக்கும். ஆனாலும் அந்த வழி வேண்டாம். ஹோஸ்ட்ஸ் வரி இன்வென்டரியில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களோடு மட்டுமே பொருத்திப் பார்க்கும். பட்டியலில் வேறு பெயர் ஏதாவது வந்தால் ஒரு எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு அதை விட்டுவிடும்.

ஒரு பிளே தொடங்கிவிட்டால் அதன் ஹோஸ்ட் பட்டியல் மாறாது. எனவே முடிவெடுப்பதை ஒரு பிளேயிலும் வேலையை அடுத்த பிளேயிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பிளேபுக்கில் இருக்கட்டும். முதல் பிளே லோக்கல்ஹோஸ்ட்டில், கேதர்_ஃபேக்ட்ஸ் (மெஷின் விவரங்களைச் சேகரிப்பது) இல்லாமல் ஓடும். லோட் பேலன்சரைக் கேட்டு, பட்டியலைக் கணக்கிட்டு, சரிபார்த்து, ஆட்_ஹோஸ்ட் டாஸ்க்கை லூப்பில் ஓட்டி ஒவ்வொரு சர்வரையும் ஒரு புதிய குரூப்பில் சேர்க்கும். அந்தக் குரூப்புக்கு 'பேட்ச்_இன்று' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டாவது பிளேயின் ஹோஸ்ட்ஸ் வரியில் அந்தப் பெயர் மட்டும் இருக்கும். இந்தக் குரூப் மெமரியில் மட்டுமே இருப்பது, ரன் முடிந்ததும் போய்விடும். ஃபைலைத் திருத்தவும் வேண்டாம், திருத்தியதைத் திரும்ப அழிக்கவும் வேண்டாம்.

கணக்கிடும் இடத்தில்தான் உங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டார்கெட் குரூப்பின் (லோட் பேலன்சர் டிராஃபிக் அனுப்பும் சர்வர் தொகுப்பின்) ஹெல்த் விவரத்தைக் கேட்டால் சில சர்வர்கள் 'டிரெயினிங்' என்று வரும். அவை கழன்று முடிந்தவை அல்ல. வந்த ரிக்வெஸ்ட்டுகளை இன்னும் முடித்துக்கொண்டிருப்பவை. இதற்கு டிஃபால்ட் அவகாசம் 300 வினாடி. முழுதாகக் கழன்ற சர்வர் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. ஆக, உங்களுக்கு வேண்டியவை பட்டியலில் இல்லாதவை: வெப் குரூப்பின் மொத்த உறுப்பினர்களிலிருந்து லோட் பேலன்சர் சொல்லும் பெயர்களை டிஃபரன்ஸ் ஃபில்டரால் கழித்தால் மிஞ்சுபவை.

இந்தக் கழித்தல் ஆபத்தானது. பிளேபுக்கில் வேறொரு டார்கெட் குரூப்பின் அடையாளம் தவறுதலாக ஒட்டியிருந்தால் எந்தப் பிழையும் வராது. வேறு சர்வர்களின் பட்டியல் ஒழுங்காகவே வரும். கழித்துப் பார்த்தால் உங்களுடைய 140 சர்வர்களும் அப்படியே மிஞ்சும். அத்தனையும் அந்த நேரத்தில் டிராஃபிக்கில் இருப்பவை. எனவே ஆட்_ஹோஸ்ட்டுக்கு முன்னால், நிபந்தனை பொய்யானால் ரன்னை நிறுத்தும் அசர்ட் டாஸ்க்கில் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம் இருக்க வேண்டும்: பட்டியலின் நீளம் பூஜ்ஜியத்துக்கு மேல், மொத்தத்தில் கால் பங்குக்குள். உங்களுக்கு 35. ஒரு இரவில் அதற்கு மேல் கழற்றுவது உங்கள் வழக்கம் என்றால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். உச்ச வரம்பே இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

பெயர்கள் ஒத்துப்போகாவிட்டாலும் இதே விபத்துதான். டார்கெட் குரூப்பில் சர்வர்களை இன்ஸ்டன்ஸாகப் பதிவு செய்திருந்தால் லோட் பேலன்சர் தருவது இன்ஸ்டன்ஸ் ஐடி. உங்கள் இன்வென்டரியில் டிஎன்எஸ் பெயர் இருந்தால், கழித்தலில் ஒன்றுகூடக் கழியாது. ஐடியையே ஆட்_ஹோஸ்ட்டுக்குக் கொடுத்தாலும் சிக்கல்தான். இன்வென்டரியில் உள்ள அதே பெயரைக் கொடுத்தால் அந்த ஹோஸ்ட் தன் பழைய குரூப்புகளையும் குரூப்_வார்ஸையும் (குரூப்புக்கு எழுதிய வேரியபிள்களையும்) வைத்துக்கொண்டே புதிய குரூப்பிலும் சேரும். வேறு பெயரைக் கொடுத்தால் அன்சிபிள் அதைப் புதிய ஹோஸ்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் யூசர், புராக்ஸி, ரிப்பாசிட்டரி முகவரி எதுவும் அதற்குத் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரோல் (டாஸ்க்குகளின் தொகுப்பு) திடீரென்று 'வேரியபிள் இல்லை' என்று விழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஏடபிள்யூஎஸ்ஸைக் கேட்டுச் சர்வர் பட்டியலைத் தானாக உருவாக்கும் ஏடபிள்யூஎஸ்_ஈசி2 இன்வென்டரி பிளகினில் ஹோஸ்ட்நேம்ஸ் பட்டியலின் முதல் வரியாக இன்ஸ்டன்ஸ்-ஐடியை வையுங்கள். கம்போஸ் பகுதியில் அன்சிபிள்_ஹோஸ்ட்டுக்குப் பிரைவேட் ஐபியைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பெயரைப் பேசும்.

பிளகினைத் தொடும்போதே இன்னும் சிலவற்றைச் சரிசெய்துவிடலாம். கான்ஃபிக் ஃபைலின் பெயர் 'ஏடபிள்யூஎஸ்_ஈசி2.ஒய்எம்எல்' அல்லது 'ஏடபிள்யூஎஸ்_ஈசி2.ஒய்ஏஎம்எல்' என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் பிளகின் அதை ஏற்காது. 'ரன்னிங்' நிலையில் உள்ளவை மட்டும் என்று ஃபில்டர் போடாவிட்டால் நிறுத்தி வைத்த மெஷின்களும் உள்ளே வரும். ரீஜன் குறிப்பிடாவிட்டால் எல்லா ரீஜனையும் தேடும். நேரம் வீணாவது இருக்கட்டும், 2022-இல் ஹைதராபாத் ரீஜன் வந்த பிறகு அங்கே டிஆர் காப்பி (பேரிடர் கால மாற்று நகல்) வைத்திருப்பவர்களுக்கு ஒரே டேக் (சர்வருக்கு ஒட்டிய அடையாளச் சொல்) கொண்ட சர்வர்கள் இரண்டு ஊரிலிருந்தும் ஒரே குரூப்பில் விழும். ஏபி-சவுத்-1 என்று எழுதிவிடுங்கள். கேஷை (முன்பு எடுத்த பட்டியலைச் சேமித்து வைப்பதை) இயக்கியிருந்தால் அதன் டிஃபால்ட் ஆயுள் 3600 வினாடி. ஒரு மணி நேரத்துக்கு முந்தைய உலகத்தை வைத்துக்கொண்டு பேட்ச் போடுவது சரியில்லை, இந்த வேலைக்குக் கேஷை அணைத்துவிடுங்கள்.

தேர்வு டேக்கை மட்டும் பொறுத்தது என்றால் ஆட்_ஹோஸ்ட்டே வேண்டாம். பிளகினின் கீட்_குரூப்ஸ் அமைப்பு தானாகவே குரூப் பிரிக்கும்; ஹோஸ்ட்ஸ் வரியில் 'வெப்:&ப்ராட்:!பழுது' என்பதுபோல் எழுதினால் இரண்டிலும் இருப்பவை, பழுதில் இல்லாதவை என்று கிடைக்கும். கமாண்ட் லைனில் இதை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். ஆம்பர்சாண்டும் ஆச்சரியக்குறியும் ஷெல்லுக்கு வேறு அர்த்தம் உள்ளவை.

ஒவ்வொரு சர்வரும் தன்னையே பார்த்து முடிவு சொல்ல வேண்டிய இடமும் உண்டு, உதாரணமாக ரீபூட் தேவையா என்பது. இதை வெப் குரூப்பில் ஓடும் பிளேக்குள் ஆட்_ஹோஸ்ட்டும் வென் நிபந்தனையுமாக எழுதுபவர்கள் நிறைய. அது வேலை செய்யாது. ஆட்_ஹோஸ்ட் எத்தனை ஹோஸ்ட் இருந்தாலும் பிளேக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும், நிபந்தனையையும் முதல் ஹோஸ்ட்டை வைத்துத்தான் பார்க்கும். இங்கே வேண்டியது குரூப்_பை. அது ஹோஸ்ட்டுக்கு ஒரு முறை ஓடும். உபுண்டுவில் /வார்/ரன் கீழே ரீபூட்-ரிக்வயர்ட் ஃபைல் இருக்கிறதா என்று ஸ்டாட் மாடியூலால் பார்த்து, 'ரீபூட்_' என்பதோடு அதன் விடையை ஒட்டிக் கீயாக, அதாவது குரூப் பெயராக, கொடுங்கள். ரெட் ஹேட் வகையில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கமாண்டை ஆர் ஆப்ஷனோடு ஓட்டினால், ரீபூட் தேவைப்படும்போது எக்ஸிட் கோட் 1 வரும். ஸ்டாட்டின் விடை பைத்தான் பாணியில் பெரிய எழுத்து டி-யில் தொடங்கும் 'ட்ரூ'. அடுத்த பிளேயில் சிறிய எழுத்தில் எழுதினால் அப்படி ஒரு குரூப்பே இல்லை.

குரூப் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் எனக்குப் பெரிய கவலை. அன்சிபிள் ஒரு எச்சரிக்கை வரியை அச்சடித்து, 'ஹோஸ்ட் எதுவும் பொருந்தவில்லை' என்று பிளேயைத் தாண்டிப் போய், எக்ஸிட் கோட் 0 (வெற்றி) தரும். வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் பச்சை விளக்கு எரியும். ஒரு சர்வரில்கூட பேட்ச் போயிருக்காது, ஆனால் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அசர்ட் இதைப் பாதிதான் தடுக்கும். யாராவது பழக்கதோஷத்தில் லிமிட் ஆப்ஷனில் ஒரு சர்வர் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டினால், லோக்கல்ஹோஸ்ட் அந்த வரம்புக்குள் வராததால் முதல் பிளேயே ஓடாது. அசர்ட்டும் ஓடாது, குரூப்பும் உருவாகாது, விளக்கு மட்டும் பச்சை. லிமிட் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் லோக்கல்ஹோஸ்ட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இதை அடைக்க அன்சிபிளின் கான்ஃபிக் ஃபைலில் இன்வென்டரி பகுதியில் ஹோஸ்ட்_பேட்டர்ன்_மிஸ்மேட்ச் என்ற அமைப்பை 'எரர்' ஆக்குங்கள். 2.8 பதிப்பிலிருந்து இது இருக்கிறது, டிஃபால்ட் 'வார்னிங்'. மாற்றிவிட்டால் இல்லாத குரூப்பைத் தேடும் பிளே சிவப்பாக விழும். ஒரு விலை உண்டு: ரீபூட் தேவைப்படும் சர்வர் உண்மையிலேயே ஒன்றும் இல்லாத இரவிலும் விழும். அதனால் பேட்ச் பிளேபுக்கில் இதை இயக்கி, ரீபூட்டைத் தனி பிளேபுக்காகப் பிரிப்பதே என் பரிந்துரை.

இரண்டாவது பிளேயில் சீரியலுக்கு (ஒரு தடவைக்கு எத்தனை சர்வர் என்பதற்கு) 1, 5, 10 என்று பட்டியலாகக் கொடுங்கள். முதல் ஒன்று தேறினால் ஐந்து, பிறகு பத்துப் பத்தாக. மேக்ஸ்_ஃபெயில்_பர்சன்டேஜை 0 ஆக்கினால் ஒரு சர்வர் விழுந்தாலும் மிச்சம் தொடாமல் நிற்கும். 30 சர்வருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், கடைசித் தொகுதி வரும்போது முதல் பிளே எடுத்த பட்டியல் ஒரு மணி நேரப் பழசு. இடையில் யாராவது சில சர்வர்களைத் திரும்பவும் லோட் பேலன்சரில் மாட்டியிருக்கலாம். ஆகவே ப்ரீ_டாஸ்க்ஸில் அதே கேள்வியை டெலிகேட்_டு மூலம் லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் மறுபடி கேளுங்கள். டிராஃபிக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் மெட்டா டாஸ்க்கின் எண்ட்_ஹோஸ்ட் அந்த ஒரு சர்வரை மட்டும் நிறுத்தும், மற்றவை தொடரும்.

சோதிக்கும்போது லிஸ்ட்-ஹோஸ்ட்ஸ் ஆப்ஷனை நம்ப வேண்டாம். அது டாஸ்க் எதையும் ஓட்டாது, ஆகவே ஓடும்போது உருவாகும் குரூப் அதில் தெரியாது. எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் மோடிலும் யூஆர்ஐ, கமாண்ட் மாடியூல்கள் வழியே கேட்கும் டாஸ்க் ஓடாமல் தாண்டிப்போகும். பட்டியல் வராமல், அடுத்த டாஸ்க்கே தடுமாறும். அந்தக் கேட்கும் டாஸ்க்குக்கு மட்டும் செக்_மோட் ஃபால்ஸ் போடுங்கள். அது எதையும் மாற்றாத டாஸ்க், உண்மையாகவே ஓடலாம். பிறகு இரண்டாவது பிளேயில் பேட்ச் ரோலுக்குப் பதில் பிங் மாடியூலை வைத்து முழு பிளேபுக்கையும் ஒரு தடவை ஓட்டி, வரும் பெயர்களை லோட் பேலன்சர் கன்சோலோடு ஒப்பிட்டுவிட்டு ரோலைத் திரும்ப வையுங்கள்.