மழைக்காலத்தில் மட்டும் செப்டிக் டேங்க் நிரம்புவது ஏன்?

டேங்க் கட்டி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன, ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கழிப்பறையில் தண்ணீர் இறங்குவதில்லை, லாரி வைத்து எடுத்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி நிரம்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னார்குடிக்கு அருகே எங்கள் வீட்டிலும் மூன்று மழைக்காலம் இதே தொல்லைதான். உங்கள் டேங்கை நிரப்புவது பெரும்பாலும் நிலத்தடி நீராகத்தான் இருக்கும்.

சரியாகக் கட்டிய டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். கனமான கழிவு அடியில் கசடாகப் படிய, எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்க, இடையில் நிற்கும் நீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கசடைச் செரித்துக் குறைக்கும். உள்ளே ஒரு வாளி வந்தால் வெளியே ஒரு வாளி போக வேண்டும், அதை மண் குடிக்க வேண்டும். நம் களிமண் கோடையிலேயே மெதுவாகத்தான் குடிக்கும். வயலெல்லாம் தண்ணீர் கட்டியிருக்கும்போது வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் உறிஞ்சுகுழியே கிணறுபோல ஊறத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அடியில் கான்கிரீட் போடாமல் சிமெண்ட் உறைகளை இறக்கி, அதையே செப்டிக் டேங்க் என்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கார்த்திகையில் லாரி உறிஞ்சி முடித்ததும் சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு உறைகள் சேரும் இடத்தில் பூச்சு விட்டிருந்த கோட்டின் வழியே தெளிந்த நீர் நூல்நூலாக உள்ளே வடிந்துகொண்டிருந்தது. கோடையில் நம் கழிவுநீரும் அதே கோட்டின் வழியே அடிபம்பை நோக்கிக் கசிந்திருக்கும் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அதன்பிறகு செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரண்டு அறைகள் என்று புதிதாகக் கட்டி, கழிப்பறைத் தரையை இரண்டடி உயர்த்தி, வெளியேறும் நீரைத் தரைமட்டத்துக்கு மேல் ஜல்லியும் மணலும் கொட்டி அமைத்த மேட்டில் விட்டோம். குளியல் நீரும் சமையலறை நீரும் தனியாக வாழைக்குப் போகின்றன. கழிப்பறையில் ஆசிட் ஊற்றுவதையும் குறைத்துக்கொண்டோம், ஏனெனில் அது செரிக்கும் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுத்தால் போதும். நீளமான கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கிச் சில நிமிடம் கழித்துத் தூக்கினால், கறுப்பாகப் படிந்த உயரமே கசடின் உயரம். நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டினால் எடுத்துவிடுங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் முன்பே, சித்திரை வைகாசியில் எடுப்பது நல்லது. மழைக்காலத்தில் முழுவதும் காலி செய்தால் நிலத்தடி நீரின் அழுத்தம் டேங்கை மேலே தூக்கவோ விரிசல் விடச் செய்யவோ கூடும். பிளாஸ்டிக் டேங்குக்கு இந்த ஆபத்து அதிகம்.

என்ன அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறினாலும், அளவு கூடும்போது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், இறங்கியவருக்கு ஆபத்து தெரிவதே இல்லை. 14420 என்ற கழிவகற்றல் உதவி எண்ணை அழைத்து லாரியை ஏற்பாடு செய்யுங்கள். கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வடிகாலில் கொட்டினால் அது கடைமடை ஊர்க் குளத்தில்தான் போய்ச் சேரும்.