சார்லமேன்: முடியும் முடிசூட்டிய கையும்

கேள்வி: சார், சார்லமேன் 768 முதலே பிராங்குகளின் (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட இனம்) அரசர்தானே? அப்புறம் எதற்குப் பேரரசர் பட்டம்?

பதில்: அவரைவிடப் போப்புக்குத்தான் அது அவசரத் தேவை. 799-இல் போப் மூன்றாம் லியோவை ரோமில் எதிரிகள் வழிமறித்து அடித்தார்கள். அவர் தப்பி, பாடர்போர்னில் இருந்த சார்லமேனிடம் அடைக்கலம் தேடிப் போனார். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை நம்ப வழியில்லை. அங்கே பெற்ற மகனின் கண்களைப் பறித்துவிட்டு ஐரீன் ஆண்டுகொண்டிருந்தார்; பெண் ஆள்வதால் பேரரசர் இடம் காலி என்று மேற்கே பேசிக்கொண்டார்கள். 800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் லியோ முடிசூட்டினார்.

கேள்வி: முடிசூட்டப்போவது அவருக்கே தெரியாதாமே?

பதில்: அவரோடு இருந்து வரலாறு எழுதிய ஐன்ஹார்ட் அப்படித்தான் சொல்கிறார். தெரிந்திருந்தால் பண்டிகை நாளானாலும் தேவாலயத்துக்குள் நுழைந்திருக்க மாட்டாராம். நான் இதை முழுசாக ஏற்கவில்லை. பட்டம் பிடித்திருக்கும், அதைப் போப் கையால் வாங்கியதுதான் உறுத்தியிருக்கும். 813-இல் மகன் லூயியைப் பேரரசராக்கியபோது தன் தலைநகரான ஆஹனிலேயே சடங்கை முடித்தார், போப்பைக் கூப்பிடவில்லை. ஆனால் 816-இல் போப் நான்காம் ஸ்டீபன் ரீம்ஸுக்கே வந்து லூயிக்கு மறுபடி முடிசூட்டினார். முடியைக் கொடுக்கும் உரிமையைப் போப்புகள் விடுவதாக இல்லை.

கேள்வி: அவருக்கு எழுதத் தெரியாதா?

பதில்: லத்தீன் சரளமாகப் பேசினார். எழுத்துப் பழகத் தலையணைக்கடியில் பலகை வைத்திருந்தார், ஆனாலும் கைவரவில்லை.

கேள்வி: ஐயா, வட ஜெர்மனியில் வாழ்ந்த, கிறிஸ்தவரல்லாத சாக்சன்களைக் கொன்று குவித்தவரை எப்படி மகா மன்னர் என்பது?

பதில்: நியாயமான கோபம். 782-இல் வெர்டனில் ஒரே நாளில் 4,500 பேரைத் தலை வெட்டியதாக எதிரிகள் சொல்லவில்லை, பிராங்கு அரசக் குறிப்பேடே சொல்கிறது. ஞானஸ்நானம் பெற மறுத்தால் மரணம் என்று சட்டமும் போட்டார். காலம் அப்படி என்று இதைத் தள்ளிவிட முடியாது. விசுவாசத்தைக் கட்டாயத்தால் புகுத்த முடியாது என்று அவருடைய அவை அறிஞர் அல்குயினே வாதாடினார். சாக்சன் போர் 772-இல் தொடங்கி 804 வரை நீண்டது.

கேள்வி: பாக்தாத்திலிருந்து யானை வந்தது நிஜமா?

பதில்: நிஜம். கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பியது, பெயர் அபுல் அப்பாஸ். 802-இல் ஆஹன் வந்தது, 810-இல் இறந்தது.

கேள்வி: இவ்வளவு பெரிய பேரரசு ஏன் சீக்கிரமே உடைந்தது?

பதில்: பிராங்குகளிடம் நாடு என்பது மகன்களுக்குப் பங்கு பிரிக்கும் சொத்து. சார்லமேனும் 806-இல் மூன்று மகன்களுக்குப் பாகம் எழுதிவைத்தார். இருவர் அவருக்கு முன்பே இறந்ததால்தான் லூயிக்கு ஏறக்குறைய முழுதும் கிடைத்தது. 840-இல் லூயி இறந்தபோது மூன்று மகன்கள் இருந்தார்கள். அண்ணன் தம்பிகள் போரிட்டு, 843-இல் வெர்டூனில் (முன்பு சொன்ன வெர்டன் அல்ல, வேறு ஊர்) நாட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்.