மூன்று பாடத்துக்கும் ஒரே மாதிரிப் படித்தால் போதுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. தமிழில் சங்கப் பாடல்கள், உலக இலக்கியப் பகுதியில் கிரேக்கத் தொன்மக் கதைகள், அறிவியலில் பருவகாலங்களும் ஒளிச்சேர்க்கையும் இப்போது நடக்கின்றன. எல்லாவற்றையும் நாலைந்து முறை படித்து, வண்ணப் பேனாவால் கோடு போட்டு, மனப்பாடம் செய்துவிடுகிறாள். நான் கேட்டால் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறாள். விடைத்தாளில் மட்டும் "கேட்டதற்குப் பதில் இல்லை" என்றே எழுதி வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம் கூட்டிப் படிக்க வைக்கலாமா, இல்லை படிக்கும் முறையையே மாற்ற வேண்டுமா?

பதில்: நேரத்தைக் கூட்டாதீர்கள். தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு நினைவாற்றலில் குறை இருக்க வாய்ப்பில்லை. பாடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பாடம் தன்னிடம் என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. இலக்கியம் ஒன்றைக் கேட்கும், தொன்மம் இன்னொன்றைக் கேட்கும், அறிவியல் முற்றிலும் வேறொன்றைக் கேட்கும். மூன்றுக்கும் ஒரே மாதிரி விடை எழுதினால் மதிப்பெண் எங்கிருந்து வரும்?

உங்கள் மகளின் பாடங்களிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. மூன்று பாடங்களிலும் பருவகாலம் வருகிறது. அதையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் இலக்கியம். குறுந்தொகையில் இரண்டு பாடல்களை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 66ஆம் பாடல் கோவர்த்தனார் பாடியது, 21ஆம் பாடல் ஓதலாந்தையார் பாடியது. இரண்டிலும் நிலைமை ஒன்றுதான். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தலைவன் போயிருக்கிறான். மழை பெய்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது. அவனைக் காணோம். 66ஆம் பாடலில் தோழி பேசுகிறாள்: இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவில்லை, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன. 21ஆம் பாடலில் தலைவியே பேசுகிறாள்: காடே இது கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்.

மனப்பாடம் செய்த பிள்ளை எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். "தலைவன் பிரிந்தான். மழை பெய்தது. கொன்றை பூத்தது. தோழி ஆறுதல் கூறினாள்." அதற்குக் கீழே முல்லைத் திணை, பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல் என்று அட்டவணை. ஒரு பிழையும் இல்லை. ஆனால் கேள்வி "தோழி ஏன் மரத்தைப் பழிக்கிறாள்?" என்று இருந்தால், இவ்வளவு எழுதியும் ஒரு வரிகூட விடை இல்லை.

ஏன் பழிக்கிறாள்? மரம் சொல்வது சரியென்றால் தலைவன் சொன்னது பொய்யாகிவிடும். இரண்டில் ஒன்று தவறாக இருந்தே தீரவேண்டும். தோழி அந்தப் பழியைத் தூக்கி மரத்தின் மேல் போடுகிறாள். மரத்துக்குப் பருவம் தெரியாது என்று அவளுக்கே நம்பிக்கை இருந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. 21ஆம் பாடலில் தலைவி மரத்தைத் திட்டவில்லை. காடு ஒரு பக்கம் சாட்சி சொல்ல, அவள் அவன் சொல்லை மட்டும் எதிரே வைக்கிறாள். அது அசையாத நம்பிக்கையா, நம்பிக்கையை விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றமா? இரண்டு விதமாகவும் எழுதலாம். எழுதுவதற்குப் பாட்டிலிருந்து ஒரு சொல்லையாவது காட்டவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கியத்தில் ஒரே சரியான விடை என்று பல இடங்களில் கிடையாது, ஆதாரமில்லாத விடை என்று ஒன்று நிச்சயம் உண்டு.

இலக்கியப் பாடம் எதுவானாலும் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். யார் பேசுகிறார்கள், யாரிடம்? ஏன் இந்தச் சொல், வேறு சொல் ஏன் இல்லை? இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன போய்விடும்? மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தமானது. "அவன் வந்துவிடுவான், அழாதே" என்று தோழி நேராகச் சொல்லியிருந்தால் செய்தி அதேதான், பாட்டு மட்டும் இருக்காது. எது போய்விட்டது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போது விடை தானாக வரும். இன்னொன்று, சங்கப் பாடலைப் படிக்கும்போது அதனுடன் தரப்பட்டிருக்கும் துறைக் குறிப்பை முதலில் படிக்கப் பழக்குங்கள். பேசுபவரும் சூழலும் அதில் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது தொன்மம். பருவகாலத்தைப் பற்றிய கிரேக்கக் கதை டிமீட்டர், பெர்செஃபனி கதை. விளைச்சலின் தெய்வமான டிமீட்டரின் மகளைப் பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் கவர்ந்து போகிறான். தாய் துக்கத்தில் விளைச்சலை நிறுத்திவிடுகிறாள், உலகமே பட்டினி கிடக்கிறது. கடைசியில் மகள் திரும்புகிறாள். ஆனால் பாதாளத்தில் மாதுளை விதை தின்றுவிட்டதால் ஆண்டில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்கவேண்டும்.

பிள்ளைகள் இங்கே செய்கிற தவறு, கதையை ஒரே கதையாக நினைத்துவிடுவது. எத்தனை விதை என்று கேட்டுப் பாருங்கள். டிமீட்டருக்கான ஹோமரியப் பாடலில் ஒரே ஒரு விதை, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில். ரோமானியக் கவிஞர் ஓவிட் 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தில் சொல்லும்போது ஏழு விதைகள், ஆண்டு சரிபாதியாகப் பிரிகிறது. காரணமும் மாறுகிறது. கிரேக்கப் பாடலில் தந்தை ஸீயஸே ஹேடீஸுக்குச் சம்மதம் கொடுத்துவிடுகிறான், தாயிடம் யாரும் கேட்கவில்லை. ஓவிட் சொல்வதில் காதல் தெய்வமான வீனஸ், பாதாளமும் தன் ஆட்சிக்குள் வரவேண்டும் என்று மகன் கியூபிட்டை அம்பெய்ய வைக்கிறாள். முன்னது, தன்னைக் கேட்காமல் மகளைக் கொடுத்துவிட்டார்களே என்ற தாயின் கோபம். பின்னது யாரையும் விட்டுவைக்காத காதலின் ஆதிக்கம். சம்பவங்கள் ஏறக்குறைய அவையேதான், கதையின் மையம் இடம் மாறிவிட்டது.

ஆக, தொன்மத்தில் கேட்கவேண்டியது இவை: இது யார் சொன்ன வடிவம், எதை விளக்க வந்தது, இன்னொரு வடிவத்தில் எது மாறியது, அந்த மாற்றத்தால் யாருடைய கதையாக ஆகிறது. மெழுகால் ஒட்டிய இறகுகளோடு பறந்து, சூரியனுக்கு அருகே போனதால் மெழுகு உருகிக் கடலில் விழுந்த இகாரஸின் கதைக்கும் இதையே செய்து பார்க்கலாம். சூரியனுக்கு அருகே பறக்காதே என்ற எச்சரிக்கை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஓவிட் சொல்லும் வடிவத்தில் தந்தை டீடலஸ், தாழப் பறந்தால் கடல்நீரில் இறகு நனைந்து கனத்துவிடும் என்றும் எச்சரிக்கிறான். அந்த இரண்டாம் பாதியைச் சேர்த்துப் படித்தால், 'பேராசை பெருநஷ்டம்' என்று முடித்துவிட முடியாது.

தொன்மத்தை அறிவியல் கொண்டு அடிக்கிற பழக்கத்தையும் தடுக்கவேண்டும். "இது மூடநம்பிக்கை, உண்மையில் பூமி சாய்ந்திருப்பதால்தான் பருவம் மாறுகிறது" என்று தொன்மக் கேள்விக்கு எழுதிவைக்கிற புத்திசாலிப் பிள்ளைகள் உண்டு. சொன்னது சரி, எழுதிய இடம் தவறு. அங்கே கேட்பது, மனிதர்கள் இந்த மாற்றத்தை ஏன் ஒரு தாயின் துக்கமாகக் கண்டார்கள் என்பதை.

அந்தப் பூமியின் சாய்வுக்கு இப்போது வருவோம். அறிவியல் கேட்பது 'எப்படித் தெரியும்?' என்பதை. கோடைக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பூமி சூரியனுக்கு அருகில் வருவது என்று பெரியவர்களே சொல்வார்கள். மனப்பாடம் செய்த பிள்ளை "அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால்" என்று சரியாகச் சொல்லும். ஆனால் தூரம் ஏன் காரணமாக இருக்க முடியாது என்று திருப்பிக் கேட்டால் நின்றுவிடும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், ஏறக்குறைய 15.2 கோடி கிலோமீட்டரில். அப்போது அங்கே கோடை. அதோடு, வடக்கே கோடையாக இருக்கும்போது தெற்கே குளிர். தூரம்தான் காரணமென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடேற வேண்டுமே. இந்த ஒரு வாதத்தைச் சொந்தமாகச் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

மீதியை ஒரு டார்ச் விளக்கு முடித்துவைக்கும். வெள்ளைத் தாள் மேல் நேராக அடித்தால் சிறிய, பிரகாசமான வட்டம். சாய்த்து அடித்தால் அதே ஒளி நீண்டு பரவி மங்குகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது தரையின் ஒரு சதுர மீட்டரில் விழும் நேரொளி, உச்சியில் இருக்கும்போது விழுவதில் பாதிதான், காற்று உறிஞ்சுவதைக் கணக்கில் சேர்க்காமலே. இதோடு பகல் நீளமும் சேரும்போது பருவம் உண்டாகிறது.

ஒளிச்சேர்க்கைக்கும் இதே வழிதான். சமன்பாட்டை எழுதத் தெரியும், சரி. பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். "மண்ணிலிருந்து" என்று சொன்னால், சமன்பாடு மனதில் இருக்கிறது, பொருள் இல்லை. வான் ஹெல்மான்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் இதைச் செய்து பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். எனவே எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். பாதிதான் சரி, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவேயில்லை. 1779இல் இங்கன்ஹூஸ், தாவரத்தின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் வெளியிடுகின்றன என்று காட்டினார். அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது என்பதற்கு 1941இல்தான், ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பைக் கொண்டு ரூபனும் கேமனும் ஆதாரம் தந்தார்கள். ஒரு சமன்பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. ஹெல்மான்ட்டின் சோதனையில் என்ன விடுபட்டது என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அந்தப் பாடத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி படிக்கும் முறை. திரும்பத் திரும்ப வாசிப்பதும் கோடு போடுவதும் பலன் குறைந்த வழிகள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். உங்கள் மகள் உங்களிடம் ஒப்பிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். படித்த சூட்டில் ஒப்பிக்கிறாள்.

ஆகவே படித்த அன்று கேட்காதீர்கள். இரண்டு நாள் விட்டுக் கேளுங்கள், பிறகு ஒரு வாரம் விட்டு. கேட்பதும் "சொல்லு பார்க்கலாம்" என்று இருக்க வேண்டாம். குறுந்தொகை என்றால் ஒரு 'ஏன்', பெர்செஃபனி என்றால் ஒரு 'யார் சொன்னது', பருவகாலம் என்றால் ஒரு 'எப்படித் தெரியும்'. விடையை வாயால் சொன்னால் போதாது, ஐந்தாறு வரி எழுதட்டும். எழுதிய பின் அந்த வரிகளில் எது கதையை மறுபடி சொல்கிறது, எது கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அவளையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில முறை பெரும்பாலான வரிகள் கதைப் பக்கமே போகும். அதற்காகத் திட்டவேண்டாம், பிரிக்கத் தெரிவதுதான் முதல் வேலை.

மனப்பாடத்தை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. செய்யுள் அடிகள், சமன்பாடு, பெயர்கள் எல்லாம் நெட்டுருவாக இருந்தால்தான் விடைக்கு ஆதாரம் கைக்கு வரும். தேர்வுக்கு நாள் குறைவாக இருந்தால் அறிவியலில் தொடங்குங்கள். அதில் ஒரு தவறான எண்ணம் உள்ளே இருந்தால் அடுத்தடுத்த விடைகளையும் கெடுக்கும். பிறகு இலக்கியம், அதிலும் அவள் சொந்தமாக வாதிட விரும்புகிற இரண்டு பாடல்கள். தொன்மத்துக்கு ஒரு கதையின் இரண்டு வடிவங்களை ஒரே தாளில் இரு பத்திகளாக எழுதி வைத்துக்கொண்டால் போதும்.