அடுத்த டைவுக்கு இன்னும் எவ்வளவு ஆகும்?

கேள்வி: வணக்கம் சார். நானும் என் கணவரும் பத்து வருடமாக ஸ்கூபா டைவிங் போகிறோம். ஆளுக்கு 300 டைவுக்கு மேல் ஆகிவிட்டது, இருவரிடமும் ரெஸ்க்யூ டைவர் சான்றிதழ் இருக்கிறது. கைடு பின்னால் பத்துப் பேராகப் போவது இப்போதெல்லாம் பிடிக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும், எங்கள் வேகத்தில் இறங்கி ஏற வேண்டும். வருடத்துக்கு இரண்டு வாரம் லீவு கிடைக்கும், அதை ஒரு வாரம் ஒரு வாரமாகப் பிரித்து இரண்டு பயணம் போவோம். செலவு கட்டுப்படியாகவில்லை. மாலத்தீவில் லைவ்போர்டு (படகிலேயே தங்கி டைவ் போவது), மெக்ஸிகோவின் கோசுமெல், கரீபியனில் பொனேர், இந்த மூன்றில் எது எங்களுக்குச் சரி? போன முறை தங்கிய ரிசார்ட்டில் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? கருவிகளையும் சொந்தமாக வாங்கிவிடலாமா?

பதில்: தள்ளுபடிக்கு எப்படியும் கெடு வைத்திருப்பார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் கணக்கோடு சொல்கிறேன்.

இப்போது ஊர். எப்போதாவது நாலு டைவ் போகிறவர் பேக்கேஜ் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். உங்களைப் போல் வருடா வருடம் இறங்குகிறவர்கள், அதுவும் கைடு தேவையில்லாதவர்கள், வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு டைவ் போக எனக்குக் கூடுதலாக என்ன ஆகும்? படகில் போகும் ஊரில் ஒவ்வொரு டைவுக்கும் மீட்டர் ஓடும். கரையிலிருந்தே நடந்து இறங்கும் ஊரில் நாள் வாடகைக்கு டேங்க் (காற்று சிலிண்டர்) எடுத்துவிட்டால், நாலாவது டைவுக்கு உங்கள் உடம்பு ஒத்துழைத்தால் போதும், பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், படகில் கைடோடு ஒரு டைவ் 10 அலகு. தங்க ஒரு இரவுக்கு ஆளுக்கு 10. படகு ஊருக்கு விமானச் செலவு 100, கரை ஊர் தூரம் என்பதால் 160. கரை ஊரில் வண்டி வாடகையில் உங்கள் பங்கு நாளைக்கு 4, டேங்க் எத்தனை எடுத்தாலும் நாளைக்கு 4. கடைசி நாள் நீரில் இறங்க முடியாது (விமானம், அதற்கு வருகிறேன்), ஆகவே ஏழு இரவுக்கு ஆறு டைவ் நாள்.

படகு ஊரில் ஏழு இரவு, தினம் இரண்டு டைவ்: 100, 70, 120, மொத்தம் 290. டைவ் 12. ஒன்றுக்கு 24. கரை ஊரில் ஏழு இரவு, தினம் மூன்று டைவ்: 160, 70, வண்டி 28, டேங்க் 24, மொத்தம் 282. டைவ் 18, ஒன்றுக்கு 16 கூட ஆகவில்லை. விமானம் அவ்வளவு அதிகமாக இருந்தும்.

அதே ஊர்களில் பதினான்கு இரவு தங்கினால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. படகு ஊரில் மொத்தம் 500, டைவ் 26, ஒன்றுக்கு 19. கரை ஊரில் மொத்தம் 408, டைவ் 39, ஒன்றுக்கு பத்தரை. இதுவரை நீங்கள் செய்தது, அதாவது படகு ஊருக்கு ஒரு வாரம் ஒரு வாரமாக இரண்டு முறை, 580 ஆகும், 24 டைவ்தான் கிடைக்கும். உங்களுக்குக் கட்டுப்படியாகாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். விமானம் இரண்டு முறை, நீரில் இறங்காத நாள் இரண்டு முறை, முதல் டைவில் ஈயக்கட்டியின் எடையைச் சரிபார்த்து காது பழகுவதும் இரண்டு முறை.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வந்த உண்மையான விலைகளை இதில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஆகும். லீவைப் பிரிக்காமல் ஒரே பயணமாகப் போக முடிந்தால் போங்கள், அது ஊரைவிட முக்கியம்.

சரி, மூன்று ஊருக்கு வருவோம்.

கோசுமெல் அழகான இடம், நீரோட்டம் உங்களைச் சுவர் ஓரமாகத் தூக்கிக்கொண்டு போகும், படகு மேலே தொடர்ந்து வரும். ஆனால் அங்கே 1996 முதல் இருக்கும் தேசியக் கடற்பூங்காவின் விதிப்படி அதன் எல்லைக்குள் டைவ் மாஸ்டர் (தொழில்முறை கைடு) துணையில்லாமல் இறங்க முடியாது. அந்த நீரோட்டத்துக்கு அது நியாயமான விதி. உங்களுக்குத்தான் பொருந்தவில்லை. எது வேண்டாம் என்கிறீர்களோ அதற்கே ஒவ்வொரு டைவிலும் பணம் கொடுப்பீர்கள்.

மாலத்தீவு லைவ்போர்டை டைவ் கணக்கில் மட்டும் பார்த்தால் மோசம் என்று சொல்ல மாட்டேன். தங்குவது, சாப்பாடு, தினம் மூன்று டைவ் எல்லாம் ஒரே கட்டணத்தில் வந்துவிடும், அட்டோல் (வளையமான பவளத்தீவு) வாய்க்கால்களில் மந்தா திருக்கையும் சுறாவும் பார்க்க அதைவிட நல்ல வழி குறைவு. சிக்கல் என்னவென்றால் எல்லாச் செலவும் முன்னாலேயே போய்விடுகிறது. மூன்றாம் நாள் சளி பிடித்து காது அடைத்துக்கொண்டால் மீதி நாட்களின் பணம் படகோடு போச்சு. நேரத்தை மணி அடித்துச் சொல்வார்கள், குழுவாகத்தான் இறங்க வேண்டும், பொழுதுபோக்கு டைவுக்கு நாடு முழுவதும் 30 மீட்டர்தான் ஆழ வரம்பு. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, இதற்கென்றே சேர்த்து வைத்துப் போய்வாருங்கள். வருடாந்திரப் பழக்கமாக வேண்டாம்.

பொனேர் உங்களுக்காகவே இருக்கும் ஊர். தீவைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பூங்கா, அலை தொடும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை. சாலையோரம் மஞ்சள் வண்ணக் கல்லில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும், பிக்கப் வண்டியை அங்கே நிறுத்தி கருவியை மாட்டிக்கொண்டு நீருக்குள் நடக்க வேண்டியதுதான். இப்படிக் கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடங்கள் ஐம்பதுக்கு மேல். போனதும் டைவ் சென்டரில் பூங்கா விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை டைவ் போட வேண்டும், அதற்கப்புறம் நீங்கள் இருவர் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு இறங்கலாம், இரவில் இறங்கலாம், எண்பது நிமிடம் எட்டு மீட்டரில் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம், யாரும் கை காட்டி மேலே கூப்பிட மாட்டார்கள். 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பல்கூட கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில், 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தீவின் மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைவாக இருப்பதால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதும் பெரிய வசதி, மற்ற கரீபியன் தீவுகளில் ஜூன் முதல் நவம்பர் வரை இருக்கும் அந்தப் பதைபதைப்பு இங்கே குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது, 1999இல் லென்னி புயலின் அலைகள் மேற்கிலிருந்து வந்து பவளப்பாறைகளை உடைத்திருக்கின்றன.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். நுழைவு வரி தனி, கடற்பூங்காக் கட்டணம் தனி, பேக்கேஜ் விலையில் இவை இருக்காது. டைவ் இடத்தில் நிறுத்தும் வண்டியிலிருந்து திருட்டு போவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வண்டியில் எதையும் வைக்காமல் போவதுதான் வழக்கம். வண்டி வாடகை ஒப்பந்தத்தில் சேதத்துக்கு எது வரை உங்கள் பொறுப்பு என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஓர் ஊரையும் சேர்க்கிறேன்: மால்டாவின் கோசோ தீவு. அங்கேயும் கார், டேங்க், கரை. விமானம் உங்களுக்கு அங்கே மலிவாகக் கிடைத்தால் கணக்கில் அதையும் போட்டுப் பாருங்கள். கைடு இல்லாமல் இறங்க அடிப்படைச் சான்றிதழ் போதாது, உங்களிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் நீர் 15 டிகிரி வரை இறங்கும், வெட்சூட் செலவு கூடும். பொனேரின் வண்ணத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள், குகைகளும் மூழ்கிய கப்பல்களும்தான்.

அப்புறம் விமான நேரம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. காலை ஏழு மணி விமானம் மலிவு என்று எடுத்தால் முந்தின நாள் மதியம் ஒரு மணிக்குள் நீரைவிட்டு ஏறிவிட வேண்டும். மாலை விமானம் என்றால் முந்தின நாள் முழுக்க உங்களுடையது. டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பது இழக்கும் டைவுக்கு ஈடாகிறதா என்று பார்த்துவிட்டு பதிவு செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. தனியாகப் போகிறவர்களுக்கு மேலே படகில் ஆள் இல்லை, உதவிக்கு கைடு இல்லை. டீகம்ப்ரஷன் நோய் (மேலே ஏறும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவது) வந்தால் அழுத்த அறையில் வழக்கமான முதல் சிகிச்சையே ஐந்து மணி நேரம் நெருங்கும், பலருக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படும், வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தால் சேமிப்பையே கரைத்துவிடும். சாதாரணப் பயணப் பாலிசியை நம்பாதீர்கள். எத்தனை மீட்டர் ஆழம் வரை, கைடு இல்லாத டைவுக்கு உண்டா, அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவு எவ்வளவு வரை என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். டைவருக்கென்றே உள்ள ஆண்டு பாலிசி எடுத்த பிறகுதான் டிக்கெட். பட்ஜெட்டில் இடிக்கிறது என்றால் பயணத்தில் இரண்டு நாளைக் குறையுங்கள், பாலிசியில் கை வைக்காதீர்கள்.

கருவிகள்: டைவ் கம்ப்யூட்டரும் மாஸ்க்கும் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும், அதில் கணக்கே வேண்டாம். ரெகுலேட்டர் (டேங்க்கிலிருந்து மூச்சு எடுக்கும் கருவி), பிசிடி (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) போன்றவற்றுக்கு இப்படிப் பாருங்கள். பத்து வருடம் உழைக்கும் என்று வைத்து வாங்கும் விலையைப் பத்தால் வகுத்து, அதோடு ஆண்டு சர்வீஸையும் விமானத்தில் கூடுதல் சுமைக்குக் கட்டுவதையும் கூட்டுங்கள். இன்னொரு பக்கம் ஒரு நாள் வாடகையை 13ஆல் (பதினான்கு இரவுப் பயணத்தின் டைவ் நாட்கள்) பெருக்குங்கள். ரெகுலேட்டர் பெரும்பாலும் வாங்குவதுதான் லாபம் என்று வரும், எடையும் குறைவு. பிசிடி உங்கள் விமானத்தின் சுமை வரம்பைப் பொறுத்தது. இரண்டும் சமமாக வந்தால் வாங்குங்கள், இருவர் மட்டும் இறங்கும்போது பழகிய கருவி ஒரு பாதுகாப்பு. டேங்க்கும் ஈயக்கட்டியும் அங்கேயே வாடகைக்கு.

இப்போது அந்த 25 சதவீதம். வருடம் 100 வீதம் ஐந்து வருடம் 500, இப்போதே கட்டினால் 375. முதல் வருட 100ஐ எப்படியும் இப்போது கட்டத்தான் போகிறீர்கள், ஆக நீங்கள் ரிசார்ட்டுக்குக் கடனாகக் கொடுப்பது 275, அது அடுத்த நாலு வருடத்தில் 100 100ஆகத் திரும்பி வருகிறது. வருடத்துக்குச் சுமார் 17 சதவீத வட்டி. நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு ஆசை வந்திருக்கிறது. இப்போது கடைசி வருடம் மட்டும் போக முடியாமல் போகிறது என்று வையுங்கள். வட்டி நாலரை சதவீதமாகச் சுருங்கிவிடும். இரண்டு வருடம் தவறினால் 375 கொடுத்து 300 பெறுகிறீர்கள். விலைவாசி ஏறினால் கணக்கு உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும், ஆனால் ரிசார்ட் மூடிவிட்டால் எதுவுமே வராது, இந்தக் கடனுக்கு அடமானம் கிடையாது.

ஐந்து வருடத்தில் என்னென்ன நடக்கலாம் என்று டைவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது, முதுகு, வீட்டில் பெரியவர்களின் உடல்நிலை. கடலும் அப்படியே இருப்பதில்லை. கோசோவில் டைவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு இறங்கிய ‘அஸூர் விண்டோ’ என்ற பாறை வளைவு 2017 மார்ச்சில் ஒரே புயலில் விழுந்துவிட்டது. பொனேரில் 2023இல் கல் பவளங்களைத் தின்னும் திசு நோய் வந்து சேர்ந்தது. நானே ஒரு முறை பத்து டைவுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போய், காற்றினால் துறைமுகம் மூடியதில் நாலு டைவோடு திரும்பினேன், மீதி கூப்பன்கள் அடுத்த வருடம் போவதற்குள் காலாவதி ஆகிவிட்டன. கரையில் இருந்துகொண்டு அந்த அலையைப் பார்த்த நாட்கள் இன்னும் மனசில் இருக்கின்றன.

அதனால் ரிசார்ட்டுக்கு இப்படி எழுதுங்கள்: ஐந்து வருடம் வேண்டாம், ஒரே ஒரு வருடத்துக்கு, பதினான்கு இரவு, பயணத்துக்கு அறுபது நாள் முன்பு வரை தேதி மாற்றிக்கொள்ளும் உரிமையோடு என்ன விலை தருவீர்கள்? பத்து சதவீதம் குறைத்தால்கூட எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ரிசார்ட்டிலிருந்து நீங்களே கரை வழியாக இறங்க முடியும் என்றால் மட்டும்.