சம்மட்டியும் பட்டடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடைக்கால இங்கிலாந்தின் நைட்டுகளை, அதாவது குதிரையேறிப் போரிட்ட பட்டம்பெற்ற வீரர்களைப் பற்றிப் படித்தபோது வில்லியம் மார்ஷலின் கதையை அறிந்தேன். ஐந்து வயது மகனைப் பகைவனிடம் பிணையாகக் கொடுத்திருக்கிறார் தந்தை. பிள்ளையைத் தூக்கிலிடுவோம் என்று பகைவன் மிரட்டியபோது, இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்ய என்னிடம் சம்மட்டியும் பட்டடையும் இருக்கின்றன என்றாராம். இதையா உயர்குடி என்கிறார்கள்? இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளை உலகின் தலைசிறந்த நைட் என்று பெயர் வாங்கியது எப்படி?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல்லை நமக்குச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். மார்ஷல் 1219இல் இறந்தபின், அவருடைய மூத்த மகன் ஒரு கவிஞரைக் கொண்டு தந்தையின் வாழ்க்கையை 19,000 வரிகளுக்கு மேல் பிரெஞ்சில் பாட வைத்தார். அந்தப் பாடலில்தான் இது வருகிறது. பகைவர்கள் கட்டிய கதை அல்ல. அந்த வீட்டார் தாங்களே சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய கதை.

நடந்தது 1152இல், நியூபரியில். அரசர் ஸ்டீபனுக்கும் பேரரசி மட்டில்டாவுக்கும் உள்நாட்டுப் போர். மட்டில்டாவின் பக்கம் நின்ற, வில்லியமின் தந்தை ஜான் மார்ஷலின் கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். ஜான் அவகாசம் கேட்டு மகனைப் பிணையாகக் கொடுத்தார். கிடைத்த அவகாசத்தில் உணவையும் ஆட்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்குமரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவனோ வழியில் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியை விளையாடக் கேட்டானாம். அரசருக்கு மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் அரசரின் கூடாரத்தில், காட்டுச்செடித் தண்டுகளை நைட்டுகளாக்கி இருவரும் மோதவிட்டு விளையாடியதாகவும் பாடல் சொல்கிறது. ஸ்டீபனின் இளகிய மனத்தைக் கணக்கிட்டே ஜான் துணிந்தார் என்று வாதிடலாம். வாதிட்டாலும் பணயம் வைத்தது பிள்ளையின் உயிரை. அதை நான் மன்னிக்க மாட்டேன்.

வில்லியம் நான்காவது மகன். நிலம் அண்ணன்மாருக்குப் போய்விடும். நார்மண்டியில் தாங்கர்வில் பிரபுவின் வீட்டில் போர்ப் பயிற்சி பெற்று 1166இல் நைட் ஆனபோது, அவரிடம் குதிரைக்குக்கூடப் பணம் இல்லை. சோறு போட்டது டூர்னமென்ட். இருவர் எதிரெதிரே ஈட்டியோடு பாயும் பிற்காலக் காட்சியை மறந்துவிடுங்கள். அக்காலத்தில் அது மைல் கணக்கில் விரிந்த வயல்வெளியில் இரண்டு பெரும் அணிகள் மோதும் பொய்ப்போர். எதிரியைப் பிடித்தால் அவனுடைய குதிரையும் கவசமும் உங்களுக்கு. அவனை விடுவிக்கப் பணமும் உண்டு. ரோஜர் டி கோஜி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, பத்து மாதங்களில் 103 நைட்டுகளைப் பிடித்தார் மார்ஷல். கணக்கு வைத்தவர், மார்ஷல் பணிபுரிந்த இளவரசரின் (அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன்) சமையலறை எழுத்தர். வீரம் அங்கே பிழைப்பாகவும் இருந்தது. அதனால் அது போலி என்று நான் நினைக்கவில்லை. பிடிபட்டவன் பணம் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவான். வாக்குத் தவறினால் அடுத்த ஆட்டத்தில் அவனை யார் நம்புவார்கள்? அந்த உலகில் சொல்லுக்குப் பணமதிப்பு இருந்தது.

நிலம் வந்தது மனைவியால். இஸபெல் டி கிளேர், அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அரசரின் பேத்தி. வேல்ஸிலும் அயர்லாந்திலும் பெரும் நிலங்களுக்கு வாரிசு. தந்தையை இழந்த வாரிசுப் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்பது அரசரின் உரிமை. 1189இல் திருமணம் நடந்தபோது அவளுக்குச் சுமார் பதினேழு வயது. அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள்: ஐந்து ஆண், ஐந்து பெண்.

இனிதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். பின்னாளில் அரசரான ஜானுக்கு (இவர் மார்ஷலின் தந்தை அல்ல) மார்ஷல் மேல் சந்தேகம் எழுந்தபோது, பிணையாகக் கேட்டது பிள்ளைகளை. 1205இல் மூத்தவனைக் கொடுத்தார். பிறகு இரண்டாமவனையும் கொடுத்தார். தூக்குமரம்வரை போய்வந்தவர், தம் பிள்ளைகளை அதே வழியில் அனுப்பினார்! இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். இஸபெல்லுக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை என்று பாடல் சொல்கிறது.

1207இல் அரசர் அழைத்ததால் அயர்லாந்தைவிட்டுக் கிளம்புமுன் மார்ஷல் கில்கென்னியில் தம் ஆட்கள் முன்னால் கர்ப்பிணியான இஸபெல்லின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறப்பால் உங்கள் தலைவி இவள். இவளால் அல்லாமல் எனக்கு இங்கே எந்த உரிமையும் இல்லை என்று சொல்லி, அவளைக் காக்கும்படி கேட்டார். அவர் போனதும் அரசரின் அதிகாரி மெய்லர் போரைத் தொடங்கினார். முற்றுகைக்குள் இருந்துகொண்டே இஸபெல் கோட்டைச் சுவர் வழியாக ஆளை இறக்கி உதவி வரவழைத்தாள். மெய்லர் தோற்றுச் சமாதானத்துக்கு வந்தபோது பிணையாக எதைக் கொடுத்தார் தெரியுமா? தம் மகனை. இஸபெல் பெற்றுக்கொண்டாள். உயர்குடி என்று நீங்கள் கேட்டீர்களே, அதன் நடைமுறை இது: நிலமும் வாக்கும் பிள்ளைகளைக் கொண்டு உறுதி செய்யப்பட்டன.

மார்ஷலின் பெருமை அந்த நடைமுறைக்குள் சொல் மாறாதிருந்ததில் இருக்கிறது. தம் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்த அதே அரசர் ஜானைப் பிரபுக்கள் எதிர்த்தபோது, மார்ஷல் அரசரோடு நின்றார். விடுதலையாகி வந்திருந்த மூத்த மகன் எதிரணியில் இருந்தான். 1216இல் ஜான் இறந்ததும் அவருடைய ஒன்பது வயது மகன் ஹென்றிக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். அடுத்த ஆண்டு லிங்கனில், எழுபது வயதில் தலைக்கவசம் அணிந்து போரில் இறங்கினார்.

பிள்ளைகள் கதை இன்னும் சோகம். ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராக ஏர்ல் என்ற உயர் பிரபுப் பட்டம் பெற்றார்கள். ஐவருக்கும் முறைப்படி வாரிசு இல்லை. கடைசி இருவரும் 1245இல், சில வாரங்கள் இடைவெளியில் இறந்தார்கள். நிலங்கள் மகள்களின் வழிக்குப் பிரிந்தன. அரசவையின் மார்ஷல் பதவிக்குரிய கோலை 1246இல் பெற்றுக்கொண்டவர் மூத்த மகள் மட்டில்டா.