வெள்ளம் புகுந்த கிணற்றை ஒரேயடியாக இறைக்கலாமா?

கேள்வி: வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் வீடு. வெள்ளத்தில் உறைக்கிணறு மூழ்கிவிட்டது. இப்போது வெள்ளம் வடிந்துவிட்டாலும் கிணற்றில் கலங்கல் தண்ணீர் நிற்கிறது. பெரிய மோட்டார் வைத்து அடிவரை இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? எப்போது குடிக்கலாம்?

பதில்: தயவுசெய்து அடிவரை இறைக்காதீர்கள். மதுரைப் பக்கம் இருப்பவருக்குக்கூட இதைத்தான் சொல்வேன், கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் காரணம், உறை. சுற்றியுள்ள மண் இப்போது தண்ணீரில் ஊறிக் கனத்திருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர்தான் உறைகளை எதிர்ப்பக்கம் தாங்குகிறது. அதைச் சட்டென்று எடுத்தால் உறை நகரும், மணல் உள்ளே சரியும்.

இரண்டாவது, உப்பு. கடலோர மணலுக்கு அடியில் உப்புநீர் இருக்கிறது, அதைவிட லேசான மழைத் தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை உப்புநீரை அது அழுத்தி வைக்கும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் மேல்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அடியிலிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக இறைத்துக் கரிக்க ஆரம்பித்த கிணறு மறுபடி நல்ல தண்ணீராக மாற மழைக்காலங்கள் ஆகலாம். ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி மிஞ்சி வந்த இந்த வைகைத் தண்ணீர் உங்கள் மணலில் இறங்கியிருக்கிறது. கோடைக்கு அதுதான் கைகொடுக்கும். அதையா வெளியே இறைத்துக் கொட்டுவது?

அதனால் மிதக்கும் குப்பையை அள்ளிவிட்டு, சேறு அடியில் படிய விடுங்கள். அப்புறம் வாளியாலோ சின்ன மோட்டாராலோ கால்வாசி எடுத்து நிறுத்துங்கள், ஊறியதும் மறுபடி கால்வாசி. வெள்ளத்தில் நனைந்த பழைய மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் தொடவே கூடாது.

தண்ணீர் தெளிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். கலங்கலில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம் போதும். ஆனால் கழிவறைக் குழித் தண்ணீரும் வெள்ளத்தோடு கலந்திருக்கும் என்பதால் முதல் தடவை 50 கிராம் போடுங்கள். புதிதாக வாங்கிய பவுடராக இருக்கட்டும், திறந்து கிடந்ததில் வீரியம் இருக்காது. வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். இரவில் செய்துவிட்டால் காலைவரை நேரம் கிடைக்கும்.

காலையில் லேசான குளோரின் வாசனை இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது, திரும்பப் போடுங்கள். வாசனை தங்கிய பிறகும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்து, நல்ல முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு லாரித் தண்ணீரையும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் இப்போதே கரித்தால் பிளீச்சிங்கோ கொதியோ உப்பை எடுக்காது. அந்தக் கிணற்றைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, மெதுவாக வாளியால் சேந்துங்கள்.